பிரிட்டன் போகும் சேலத்துக்காரர்களுக்கு: நாய்க்கும் பூனைக்கும் இன்சூரன்ஸ் தேவையா?

அஸ்தம்பட்டியிலிருந்து லீட்ஸுக்குப் புதிதாகக் குடிபோன தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, லேப்ரடார் குட்டி எடுக்கப் போறோம். மாசாமாசம் இன்சூரன்ஸ் கட்டணும்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க. நம்ம ஊர்ல நாய்க்கு யாருங்க இன்சூரன்ஸ் போட்டாங்க? வீண் செலவுதானே?"

பல வருடம் அங்கே நாய் வளர்த்துவிட்டு இப்போது சேலத்தில் இருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் சேமிப்பு இல்லாமல் புதிதாகப் போனவர்கள் குட்டியாக வாங்கினால், முதல் நாளிலிருந்தே போடுங்கள். வயதான நாய் என்றால் கணக்கு வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் பக்கம் இன்சூரன்ஸ் என்றால் மாட்டுக்குத்தான். வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் தெரிந்திருக்கும்: காதில் தோடு அடிப்பார்கள், மாடு செத்தால் அந்தத் தோட்டைக் காட்டிப் பணம் வாங்க வேண்டும். அந்த நினைப்போடு பிரிட்டன் பாலிசியைப் படித்தால் குழப்பம்தான் வரும். அங்கே முக்கியமாக வைத்தியச் செலவுக்குத்தான் பாலிசி. நாய் இறந்தால் வாங்கிய விலை வரைக்கும் ஏதோ தருவார்கள், அதுவும் எல்லா பாலிசியிலும் கிடையாது.

அடுத்து செலவு. இங்கே நாய்க்கு முடியவில்லை என்றால் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, தெரிந்த டாக்டர் இருக்கிறார், பெரிய ஆபரேஷன் என்றால் வண்டி எடுத்துக்கொண்டு நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குப் போகிறோம். பிரிட்டனில் மனிதர்களுக்கு என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை உண்டு, விலங்குகளுக்கு அப்படி எதுவும் இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கே 50, 60 பவுண்டு ஆகும். ராத்திரியிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அவசரம் என்று போனால் அதைப்போல் பல மடங்கு. முழங்கால் ஜவ்வு அறுந்துபோனால் ஆபரேஷனுக்குப் பல ஆயிரம் பவுண்டு. லேப்ரடாருக்கு இது அடிக்கடி வரும். அப்புறம் அது எதையும் முழுங்கும் ஜாதி. மே மாதம் தமிழ்க் கடையில் மாம்பழப் பெட்டி வாங்காத வீடு அங்கே இருக்காது. அதில் ஒரு கொட்டையை நாய் முழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்டால் ஸ்கேன், ஆபரேஷன், இரண்டு நாள் படுக்கை என்று அதுவும் ஆயிரக்கணக்கில் போய்விடும். இன்சூரன்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் கொட்டையை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

விலை ஏறுவதற்கும் காரணம் உண்டு. 2013-ல் பத்தில் ஒரு கிளினிக்தான் பெரிய நிறுவனங்களிடம் இருந்தது, இப்போது கிட்டத்தட்ட பத்தில் ஆறு. இதைப் பற்றி அந்நாட்டில் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அமைப்பு 2023-ல் ஆராயத் தொடங்கி, 2024-ல் முழு விசாரணையாகவே ஆக்கியது. அதனால் பதிவு செய்வதற்கு முன் இரண்டு மூன்று கிளினிக்கில் விலை கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

"பிடிஎஸ்ஏ, புளூ கிராஸ் மாதிரி தர்ம மருத்துவமனை இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல சேவையும்கூட. ஆனால் அங்கே பெரும்பாலும் அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குத்தான் சிகிச்சை. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ போன நமக்கு அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது என்பது விசா நிபந்தனை. அதனால் கையில் காசில்லாத புதிய குடும்பத்துக்கு அந்தக் கதவும் அநேகமாகத் திறக்காது. உள்ளூர்க்காரர் "இன்சூரன்ஸ் எதுக்கு, சமாளிக்கலாம்" என்று சொல்வதைக் கேட்டு நாம் முடிவெடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்சூரன்ஸுக்குப் பதிலாக மாதம் 30 பவுண்டை தனியாகப் போட்டுவைத்தால் என்ன? வருடத்துக்கு 360, ஐந்து வருடத்தில் 1,800. நாய் ஆறாவது வருடம்தான் முடியாமல் படுக்கும் என்று தெரிந்தால் நல்ல யோசனைதான். மூன்றாவது மாதம் படுத்தால் கையில் 90 பவுண்டு இருக்கும். உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக்குக் காலையில் 4,000 பவுண்டு கட்டு என்றால் ஊரில் நகையை வைக்காமல், யாரிடமும் கை நீட்டாமல் கட்ட முடியுமா? முடியும் என்றால் இன்சூரன்ஸ் இல்லாமல் தாராளமாக இருக்கலாம். பல வருடம் போட்டும் கிளெய்மே வராதவர்கள் நிறையப் பேர். அந்தப் பணம் போனது போனதுதான்.

பாலிசியில் நாலு வகை. விபத்துக்கு மட்டும் என்பது மலிவு, நோய்க்கு எதுவும் தராது. ஒரு நோய்க்கு 12 மாதம் வரைக்கும் தருவது இன்னொன்று. ஒரு நோய்க்கு மொத்தமாக இவ்வளவு என்று வரம்பு வைப்பது மூன்றாவது. நான்காவது லைஃப்டைம், இதில் வரம்புத் தொகை ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தால் திரும்பவும் முழுசாகக் கிடைக்கும். தோல் அலர்ஜி, சர்க்கரை, வலிப்பு மாதிரி ஆயுசுக்கும் கூடவே வரும் நோய்க்கு லைஃப்டைம்தான் உதவும். நடுவில் உள்ள இரண்டில் ஒன்றை எடுத்தவர்கள் 12 மாதமோ வரம்போ முடிந்ததும் தாங்களே கட்டிக்கொண்டிருப்பார்கள். போடுவதானால் லைஃப்டைம், பட்ஜெட் இடிக்கிறது என்றால் குறைந்த வரம்புள்ள லைஃப்டைம். விளம்பரத்தில் முதல் வருட ப்ரீமியம் மட்டும்தான் இருக்கும். நாய்க்கு வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஒரு நோய் வந்துவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறவும் முடியாது, ஏற்கெனவே இருந்த நோய் என்று புதியவன் ஒதுக்கிவிடுவான்.

இந்த "ஏற்கெனவே இருந்த நோய்" என்பதில்தான் பாதிச் சண்டை. டாக்டரிடம் பேச்சுவாக்கில் "போன மாசம் கொஞ்சம் நொண்டிச்சு" என்றாலும் அது அவர் குறிப்பில் ஏறும். கிளெய்ம் போடும்போது கம்பெனி அந்தக் குறிப்பை முழுதும் வாங்கிப் படிக்கும். மறைக்கச் சொல்லவில்லை. அந்த நொண்டல் வருவதற்கு முன்பே பாலிசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறேன். போட்ட பிறகும் நோய்க்கு வழக்கமாக 14 நாள் காத்திருப்பு உண்டு.

இன்னும் சில. எக்செஸ் என்று முதல் நூறு, இருநூறு பவுண்டு நம் கையிலிருந்து போகும். வயதான நாய்க்கு அதற்கு மேல் பில்லில் ஒரு பங்கையும் நம்மையே கட்டச் சொல்வார்கள். தடுப்பூசி, உண்ணி மருந்து, கருத்தடை எதுவும் கவர் ஆகாது. பொங்கலுக்கு ஊருக்கு வரும் அவசரத்தில் வருடாந்திரத் தடுப்பூசியைத் தவறவிட்டால், அந்த ஊசி தடுக்கக்கூடிய நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காது. கிளினிக் நேரடியாகக் கம்பெனியிடம் பணம் வாங்குமா, நாம் கட்டிவிட்டு வாங்க வேண்டுமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். 4,000 பவுண்டை முதலில் நாமே கட்ட வேண்டும் என்றால் பாலிசி இருந்தும் அன்றைக்குத் திண்டாட்டம்தான்.

கீழே கருத்துகளில் வந்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபேர்லேண்ட்ஸ் தம்பிக்கு: 'ஹட்ச் நாய்' (அந்த செல்போன் விளம்பரத்தில் வந்த பக்) வாங்கும் ஆசை புரிகிறது. பக், ஃப்ரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பிரச்சினை அதிகம், ப்ரீமியமும் அதிகம். குட்டி வாங்குவதற்கு முன்பே ப்ரீமியம் எவ்வளவு என்று விசாரியுங்கள். அந்தத் தொகையைப் பார்த்தே மனசு மாறலாம்.

ஏற்காட்டு அக்காவுக்கு: எஸ்டேட்டில் வளர்ந்த ஒன்பது வயது நாயைக் கூட்டிப்போக மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, அதற்கு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு, கிளம்பும் நேரத்தில் நாடாப்புழு மாத்திரை எல்லாம் வேண்டும். இப்போதே ஆரம்பியுங்கள். இன்சூரன்ஸ் விஷயத்தில், அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது என்றீர்கள். அதையும் அதன் பின்விளைவையும் கவர் செய்ய மாட்டார்கள், இந்த வயதில் ப்ரீமியமும் எகிறும். முழு பாலிசியை விடுங்கள், அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஆனால் நாய் ரோட்டில் ஓடி யாராவது சைக்கிளிலிருந்து விழுந்தால் கேட்கும் நஷ்ட ஈட்டுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும். டாக்ஸ் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பில் வருடச் சந்தா கட்டி உறுப்பினரானால் அந்தக் கவர் கிடைக்கும், பெரிய தொகை இல்லை. சேலத்து டாக்டர் எழுதிக்கொடுத்த நோட்டை மட்டும் ஒரு பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து எடுத்துப் போங்கள் அக்கா, அங்குள்ள டாக்டர் முதல் நாளே கேட்பார்.