ரேர்னிற்றினில் (Turnitin, எழுத்து ஒப்புமை பார்க்கிற மென்பொருள்) 34 வீதம் காட்டுது. எதைத் திருத்துறது?

கோண்டாவில்_இறுதியாண்டு:
யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றின ஆய்வேடு, ஆங்கிலத்தில எழுதுறன். நிறம் பூசிக் காட்டுற பந்தி எல்லாத்துக்கும் கீழ உசாத்துணை போட்டுத்தான் கிடக்கு. பேந்தேன் 34 வீதம்? சில பகுதி தமிழ் நூல்களில இருந்து நானே மொழிபெயர்த்தது. அதுக்கு மேற்கோள் குறி வேணுமோ? APA முறைதான் (அமெரிக்க உளவியல் சங்கத்தின்ர உசாத்துணை முறை) கேக்கினம்.

பனங்கூடல்:
34 எண்டது ஒப்புமை வீதம், களவு வீதம் இல்லை. முதலில் அறிக்கையின் வடிகட்டியில் உசாத்துணைப் பட்டியலையும் மேற்கோள்களையும் விலக்கிவிட்டுப் பாருங்கோ. மிச்சத்தை மூலம் மூலமாப் பிரியுங்கோ. முப்பது மூலங்களில் ஒவ்வொண்டிலும் ஒரு வீதம்தான் எண்டால் பெரும்பாலும் துறைச் சொற்றொடர்கள்தான். ஒரே கட்டுரையில் இருந்து 10 வீதம் எண்டால் அங்கைதான் வேலை.

உசாத்துணை 'கருத்து ஆருடையது' எண்டு சொல்லும். 'சொல் ஆருடையது' எண்டு சொல்லுறது மேற்கோள் குறி. நீங்கள் முதலாவதை மட்டும் செய்திருக்கிறியள் போல. ஒரு உதாரணம், விளங்குறதுக்காகத் தமிழில்:

மூலம்: "குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லாமையால் குடிநீருக்கும் பயிருக்கும் மக்கள் சுண்ணக்கல் படுகையிலுள்ள நீரையே நம்பியுள்ளனர்."

பிழை: "யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாததால் குடிக்கவும் விவசாயத்துக்கும் சனங்கள் சுண்ணக்கல்லில் தேங்கிய நீரையே சார்ந்துள்ளனர்." சொல் மாறியிருக்கு, எலும்புக்கூடு அதே. உசாத்துணை போட்டாலும் இது ஒட்டுவேலைதான்.

சரி: "குடிநீருக்கும் தோட்டத்துக்கும் சுண்ணக்கல் படுகை ஒன்றே மூலம் (ஆசிரியர், ஆண்டு). ஆகவே உரத்தால் வரும் நைத்திரேற்று நேரே குடிகிணற்றைத் தாக்கும்." உசாத்துணை முதல் வசனத்தோட நிக்குது, கவனியுங்கோ. இரண்டாவது உங்கட முடிவு. அதை மூல ஆசிரியர் தலையில் கட்டினால் அதுவும் பிழை.

பக்கத்தை மூடிவைத்து நினைவில் இருந்து எழுதி, பேந்து எண்களை மட்டும் ஒப்பிடுங்கோ. குறிப்பெடுக்கேக்கையே, வெட்டி ஒட்டினதுக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போடாட்டி, மூன்று மாதம் கழிச்சு அது உங்கட வசனம் மாதிரித்தான் தெரியும். அனேகமான 'தெரியாமல் நடந்த' களவு இப்பிடி வந்ததுதான்.

ஏடு_புரட்டி:
மொழிபெயர்ப்புக்கு: APA 7ஆம் பதிப்பின்படி நீங்களே மொழிபெயர்த்த பகுதி எடுத்துரைப்பாகத்தான் (paraphrase, பிறர் கருத்தை உங்கட சொல்லில் சொல்லுறது) கணக்கு. மேற்கோள் குறி வேண்டாம். ஆசிரியரும் ஆண்டும் கட்டாயம், பக்க எண்ணும் குடுத்தால் நல்லது. ஆனால் ஒரு பக்கத்தை அப்பிடியே மொழிபெயர்த்து வைச்சால் கீழ பெயர் போட்டும் அது உங்கட எழுத்து ஆகாது. மென்பொருள் பிடிக்காமல் விடலாம், தமிழ் வாசிக்கிற பரிசோதகர் பிடிப்பார்.

தமிழ்ப் பெயர்களைத் திருப்பிப் போடாதேங்கோ. கா. சிவத்தம்பி பட்டியலில் 'சிவத்தம்பி, கா.' எண்டுதான் வரும், 'கார்த்திகேசு, சி.' இல்லை. முன்னெழுத்து தகப்பன் பெயர். சொற்ரெரோவில் (Zotero, உசாத்துணை ஒழுங்குபடுத்துற மென்பொருள்) குடும்பப்பெயர்க் கட்டத்தில் சிவத்தம்பியைப் போடுங்கோ.

நூலகம் எண்ட இணைய எண்ணிம நூலகத் தளத்தில் இருந்து எடுத்த புத்தகத்துக்கு அச்சிட்ட பக்க எண்ணைத்தான் குடுக்கோணும். பிடிஎப் எண் அட்டை, முன்னுரை எல்லாத்தையும் சேர்த்து எண்ணுறதால பொருந்தாது.

கோண்டாவில்_இறுதியாண்டு:
நன்றி. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின்ர லீற்றருக்கு 50 மில்லிகிராம் எண்ட அளவு ஒரு பழைய ஆய்வேட்டில இருந்து எடுத்தது. ஆரைக் குறிக்க?

பனங்கூடல்:
நிறுவனத்தின் வழிகாட்டியைத் திறந்து பார்த்திட்டு அதையே குறியுங்கோ. பார்க்காமல் அதைக் குறிச்சால் வாசிக்காததை வாசிச்சதாக் காட்டுறது. கிடைக்காட்டி மட்டும் 'இன்னாரில் மேற்கோள் காட்டப்பட்டவாறு' எண்டு போட்டு, பட்டியலில் நீங்கள் வாசிச்ச ஆய்வேட்டைச் சேருங்கோ.

கிணத்தடி:
ஒண்டு விட்டுப்போச்சு. வரைவை ஏத்தமுன்னம் ரேர்னிற்றின் களஞ்சியத்தில் சேமிக்காத அமைப்பில இருக்கோ எண்டு மேற்பார்வையாளரிட்டைக் கேளுங்கோ. சேமிச்சிட்டால் இறுதிப்பிரதி உங்கட வரைவோடையே ஒத்துப்போய் வீதம் எங்கையோ ஏறிடும். வெள்ளை நிற எழுத்தை ஒளிக்கிறது, ஒத்த வடிவ வேற்றுமொழி எழுத்தை மாத்திறது மாதிரி விளையாட்டுகளுக்குப் போகாதேங்கோ. அறிக்கையில் தனியா எச்சரிக்கைக் கொடி விழும். 'மின்கடத்துதிறன்' போன்ற கலைச்சொல்லையும் வீதத்துக்காக மாத்தத் தேவையில்லை.