விற்கப்போகும் வீட்டுச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம்: பெயின்ற் அடித்தால் போதுமா?

கொக்குவிலான்:
அப்பு கட்டிய வீடு. சுண்ணாம்புக்கல் சுவர், ஓட்டுக் கூரை. குசினியும் பாத்ரூமும் பிறகு சேர்த்தவை. அக்கா கனடாவில், விற்கிற அதிகாரம் தரும் அற்றோணிப் பத்திரம் என் பெயரில். இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் தை பிறந்து போய்த் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. சாமியறை மேல்மூலையில் கறுப்புப் புள்ளிகள். அலுமாரிக்குப் பின்னால் பச்சையாய்ப் படர்ந்திருக்கிறது. பின்னறையில் முழங்கால் உயரம் வரை சுவர் வெள்ளையாய் உதிர்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது விற்க நினைக்கிறோம். "பங்கசு மருந்து கலந்த பெயின்ற் இரண்டு தரம் அடித்தால் சரி" என்கிறார் பெயின்ற்காரர். அடிக்கலாமா?

சுண்ணாம்புக்கை:
இப்போது அடித்தால் ஆடியில் பளபளக்கும், ஐப்பசி மழைக்கு உரியும். பூஞ்சணம் ஈரத்தின் பின்னால் வருவது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் அடிக்கிற பெயின்ற் வீண் காசு.

நீங்கள் சொல்வதில் மூன்று வேறு சங்கதி இருக்கிறது. பின்னறையில் உதிர்வது அநேகமாகப் பூஞ்சணமே இல்லை, உப்பு. கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போடுங்கள், கரைந்தால் உப்புத்தான். நிலத்து ஈரம் சுவரில் ஏறிக் காயும்போது உப்பை விட்டுப் போகிறது. அந்தச் சுவருக்கு யாராவது பிறகு சீமெந்து பூசினார்களா? முற்றத்துக்கு மண் போட்டு உயர்த்தினீர்களா?

சாமியறை மேல்மூலைக்குக் கூரை ஓடுகளையும் மழைத்தண்ணீர் வடியும் பீலியையும் பாருங்கள். அலுமாரிப் பக்கம் ஒரு சோதனை: ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக்குள் காற்றோட்டம் இல்லை. உள்பக்கம் நனைந்தால் சுவரே ஈரம்.

கொக்குவிலான்:
அண்ணை, நேரில் வந்து பார்த்த மாதிரிச் சொல்கிறீர்கள். 2008 நிஷா புயல் வெள்ளத்துக்குப் பிறகு அப்பா முற்றத்துக்கு மண் போட்டு உயர்த்தினார். பின்சுவருக்குச் சீமெந்து பூசியதும் அப்போதுதான். பீலி முழுக்க வேப்பஞ்சருகு, அதன் மேலே இரண்டு ஓடு வெடிப்பு. அலுமாரிப் பக்கம் தாளின் வெளிப்பக்கம்தான் வேர்த்தது.

சுண்ணாம்புக்கை:
பிறகென்ன, பாதி வேலை முடிந்தது. வெடித்த ஓடுகளை மாற்றிப் பீலியைத் துப்புரவாக்குங்கள், அது ஒரு நாள் வேலை. பின்சுவரில்தான் பொறுமை வேண்டும். வெளியே சுவரோடு சேர்ந்த மண்ணை அத்திவாரக் கட்டின் மேல்மட்டத்துக்குக் கீழே வரும்வரை வெட்டி எடுங்கள், தண்ணீர் வெளிப்பக்கம் ஓடச் சரிவு வையுங்கள். உள்ளே ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓரடி வரை சீமெந்துப் பூச்சைக் கொத்துங்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சீமெந்து அதன் வாயை அடைக்கும். கொத்தியதை அப்படியே காயவிடுங்கள். வைகாசியில் சோளகக் காற்றுப் பிடித்தால் யன்னலைத் திறந்து வைப்பதே போதும். பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் லேசில் பிடிக்காது. பிளாஸ்ரிக் பெயின்ற் மட்டும் வேண்டாம்.

அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். வீட்டை வாரம் இரண்டு தரம் திறக்க ஆள் பிடியுங்கள்.

வேம்படி:
நான் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். சுரண்டுவதற்கு முதல் ஒரு வார்த்தை. காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்ட வேண்டாம், வித்துகள் வீடெல்லாம் பறக்கும். மாஸ்க் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். வெளுக்கும் தூள் ரைல்ஸுக்குச் சரி, சாந்துச் சுவருக்குள் அது ஆழமாய் இறங்காது. வெளுக்கும் தூளோடு வினாகிரியோ கழிவறை அசிட்டோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். இழுப்பு உள்ளவர்கள் அந்த அறைப் பக்கம் போக வேண்டாம்.

கொக்குவிலான்:
நன்றி ரீச்சர். வாங்க வருபவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா? சாம்பிராணி போட்டால் மணம் தெரியாது என்கிறார் தரகர்.

சுண்ணாம்புக்கை:
பூட்டிக் கிடந்த வீட்டில் சாம்பிராணி மணந்தால் நான் முதலில் அலுமாரியைத்தான் இழுத்துப் பார்ப்பேன். கொத்தும்போது படம் எடுத்து வையுங்கள், ஓட்டுக்கும் சாந்துக்கும் கடையில் எடுத்த பற்றுச்சீட்டுகளையும் காட்டுங்கள். திருத்திய சுவர் என்று தெரிந்தால் விலை பேசுவது சுலபம்.

கொக்குவிலான்:
சரி அண்ணை. மேசன் வெள்ளிக்கிழமை வருகிறார். பெயின்ற்காரருக்கு ஆனிக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன், ஆள் கொஞ்சம் கோபம்.