யானை பொறித்த தொப்பிச் சின்னம்: எந்தப் படைப்பிரிவினுடையது?

ஆயர் ஈத்தாம் வாசி:
அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கில் ‘தோபி காட்’ என்னும் பகுதியில் உள்ள எங்கள் பழைய வீட்டை ஒழித்தபோது, கொள்ளுத்தாத்தாவின் பிஸ்கட் டின்னில், உடைந்த பித்தான்களுக்கு நடுவே உள்ளங்கை அளவிலான ஓர் உலோகச் சின்னம் கிடைத்தது. வெள்ளி போன்ற நிறத்தில் நட்சத்திர வடிவம். அதன்மேல் வளைந்த ஊதுகொம்பு ஒன்று, கொம்புக்கு மேலே கிரீடம், கீழே ஆங்கிலத்தில் ‘அஸ்ஸாயே’ என்று பொறித்த நாடா, அதற்கும் அடியில் சிறிய யானை. கொள்ளுத்தாத்தா மதராஸ் பட்டாளத்தில் இருந்தவர் என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். இந்தச் சின்னம் அதற்குச் சான்றாகுமா?

பட்டர்வொர்த் வாசகர்:
ஆகும் என்றே நினைக்கிறேன். அஸ்ஸாயே இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள ஊர். 1803 செப்டம்பர் 23 அன்று பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி அங்கே மராத்தியப் படையை வென்றார். அவருடன் போரிட்ட மதராஸ் காலாட்படைகளுக்கு யானை உருவம் விருதுச் சின்னமாக வழங்கப்பட்டது. மதராஸ் ரெஜிமெண்ட் இன்றும் அதை அணிகிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியான நம் செபராங் பிறைக்கு முன்பிருந்த ‘புரொவின்ஸ் வெல்லஸ்லி’ என்ற பெயர் ஆர்தருடைய அண்ணன் ரிச்சர்டுக்காக வைக்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கோலாலம்பூர் சேகரிப்பாளர்:
மேலுள்ள நண்பர் சொன்ன வரலாறு சரி, முடிவில்தான் அவசரப்பட்டுவிட்டார். அஸ்ஸாயேயில் போரிட்ட பிரிட்டிஷ் படைகளுக்கும் அதே யானை கிடைத்தது. அவற்றுள் ஒன்றான 74ஆம் காலாட்படை, 1881இல் 71ஆம் படையோடு இணைக்கப்பட்டு ‘ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி’ என்னும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவாயிற்று. நீங்கள் விவரிக்கும் நட்சத்திரம் ஸ்காட்லாந்தின் உயரிய அரச விருதான ‘திஸில்’ விருதுக்குரியது. கொம்பு ‘லைட் இன்ஃபன்ட்ரி’ எனப்படும் இலகு காலாட்படைகளின் அடையாளம். யானை கண்ணைக் கவர்வதால் எல்லாரும் முதலில் அதையே பிடித்துக்கொள்கிறோம். ஒரு சின்னத்தின் உறுப்புகள் அனைத்தையும் சேர்த்து வாசித்தால்தான் அதன் ஊர் தெரியும். மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் நட்சத்திரமோ கொம்போ கிடையாது.

கொம்பின் வளைவுக்குள், ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் ஆங்கில முதலெழுத்துகளான எச், எல், ஐ பின்னிக் கிடக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கிரீடத்தின் வளைவுகள் குவிமாடம்போல் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்டது. நடுவில் பள்ளமாக இறங்கினால் விக்டோரியா காலத்தது அல்லது எலிசபெத் காலத்தது. பின்புறத்தையும் அவசியம் பாருங்கள்: தொப்பியில் செருகும் நீண்ட தகடு இருக்கிறதா, ஊசி கோக்கும் காதுகள் இருக்கின்றனவா? சந்தையில் மறுவார்ப்புகள் நிறைய உலவுகின்றன. அவற்றில் யானையின் கண்ணும் துதிக்கையின் வளைவும் மழுங்கியே இருக்கும். தயவுசெய்து பிராஸோ போன்ற உலோக மெருகுப் பூச்சு போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்ந்த இடமே அது அணியப்பட்டதற்கு அடையாளம். தைப்பிங் போர்க் கல்லறைக்குச் சென்றால், பிரிட்டிஷ் வீரர்களின் நடுகற்களில் அவரவர் படைச் சின்னம் செதுக்கப்பட்டிருக்கும். வெவ்வேறு சின்னங்களின் உறுப்புகளை ஒப்பிட்டுப் பழக அதைவிட நல்ல இடம் இங்கே இல்லை.

ஆயர் ஈத்தாம் வாசி:
மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன மூன்று எழுத்துகளும் இருக்கின்றன. கிரீடம் குவிந்தே இருக்கிறது. பின்புறக் காதுகள் இரண்டில் ஒன்று முறிந்துபோயிருக்கிறது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது முதலில் முகம் வாடினார். பிறகு என் அத்தைப்பாட்டிதான் பேசினார்: கொள்ளுத்தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தவர் இல்லையாம், பட்டாளத்துத் துணிகளை வெளுத்தவராம். உடுப்பிலிருந்து உலோகத்தைக் கழற்றிய பிறகே வெள்ளாவியில் வைப்பார்களாம். துணிமூட்டைக்குள் தவறி விழுந்து கிடப்பவற்றை, சிப்பாய் கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று அந்த டின்னில் போட்டு வைப்பாராம்.

பட்டர்வொர்த் வாசகர்:
என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். டின்னில் இருக்கும் பித்தான்களையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் போடுங்கள். அவற்றிலும் படைச் சின்னங்கள் இருக்கக்கூடும்.