மார்க் 11 வாட்ச்: டயல் சந்தேகம் தீர்ந்தது (புதுப்பிப்பு)

போன வாரம் கேட்டிருந்தேன்: என்னிடம் வந்த மார்க் 11 வாட்ச், பிரிட்டன் விமானப்படைக்காக ஐடபிள்யூசி என்ற சுவிஸ் நிறுவனம் செய்தது. அதன் பின்மூடியில் பிரிட்டன் அரசுச் சொத்து என்பதைக் காட்டும் அம்புக்குறியும், 6பி/346 என்ற ராணுவக் குறியீட்டு எண்ணும், 51 என்ற ஆண்டும் இருக்கின்றன. ஆனால் டயலில் வட்டத்துக்குள் ‘டி’ எழுத்து. அது இருட்டில் ஒளிரப் பூசும் டிரிட்டியத்தின் அடையாளம். 1951இல் அதற்கு ரேடியம்தானே பூசினார்கள், அப்படியென்றால் டயல் போலியா?

போலி இல்லை. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டன் பாதுகாப்புத் துறையே ரேடியம் டயல்களைக் கழற்றிவிட்டு டிரிட்டியம் டயல்களை மாட்டியது. ஆக, அந்த ‘டி’ இதன் பணிக்கால வரலாற்றில் ஒரு பகுதி. அதை மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், தொடவே மாட்டேன்.

நேற்று பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்தபோது பக்கத்திலேயே நின்றேன். முதலில் தெரிந்தது இயந்திரம் இல்லை, மங்கிய சாம்பல் நிறத்தில் தேனிரும்பு மூடி. விமானி அறைக் கருவிகளின் காந்தம் உள்ளே போகாமல் தடுக்கும் கவசம் அது. அதை எடுத்ததும் காலிபர் 89 என்ற அந்த இயந்திரம், துருவே இல்லாமல்!

அப்புறம் கிரவுனை, அதாவது பக்கத்தில் இருக்கும் சாவித் திருகை, இழுத்துப் பார்த்தோம். நொடிமுள் சட்டென்று நின்றது. வானொலி நேரக்குறிப்போடு நொடி பிசகாமல் பொருத்தத்தான் இந்த ஏற்பாடு. நட்சத்திரம் பார்த்து வழி கணிக்கும் நேவிகேட்டருக்கு 4 நொடி தவறினால், நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் தள்ளிப்போய்விடும்.

சுத்தம் செய்து எண்ணெய் மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். பாலிஷ் வேண்டாம்.