மோதிக் கிடக்கும் எலெக்ட்ரிக் காரைத் தொடலாமா?

வழிப்போக்கன்:

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. எலெக்ட்ரிக் காரோ ஹைப்ரிட்டோ விபத்தில் சிக்கினால் பக்கத்தில் போகவே கூடாதாம், வண்டித் தகடு முழுக்க 400 வோல்ட் பாயுமாம், உள்ளே இருப்பவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து போய்விடுவாராம். நான் ஹைப்ரிட் வாங்க முன்பணம் கட்டிவிட்டேன், வீட்டில் இப்போது ஒரே ரகளை. பேசுகிறவர் யார் என்று தெரியாது, ஆனால் ரொம்ப அடித்துப் பேசுகிறார். மீட்பு வேலையோ கார் வேலையோ தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தொட்டால் ஷாக் அடிக்குமா? கதவை அறுக்கும்போது உயர் மின்னழுத்தக் கேபிளை வெட்டிவிட்டால் என்ன ஆகும்? ஹைப்ரிட்டில் பெட்ரோலும் இருக்கிறது பேட்டரியும் இருக்கிறது, அப்படியானால் ஆபத்து இரட்டிப்பா?

ஏணிக்காரன்:

தீயணைப்பில் மீட்புப் பிரிவு, புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதும் நான்தான். முதலில் அந்தத் தகட்டு விஷயம், அது கட்டுக்கதை. சாதாரண 12 வோல்ட் பேட்டரிக்குத்தான் மைனஸ் முனையை வண்டியின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டுமே உடம்பைத் தொடாமல் தனியாக ஓடும். ஷாக் அடிக்க வேண்டுமென்றால் ஒரே ஆள் இரண்டையும் சேர்த்துத் தொட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் காப்பு பிய்ந்திருக்க வேண்டும். அதோடு ஏர்பேக் வெடிக்கிற அளவுக்கு மோதினால் பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் காண்டாக்டர்கள், அதாவது பெரிய மின் சுவிட்சுகள், தாமாகவே இணைப்பைத் துண்டிக்கும்படிதான் வடிவமைத்திருப்பார்கள், சில வண்டிகளில் துளி வெடிமருந்து வைத்த ஃபியூஸ் ஒன்று இணைப்பையே அறுத்துவிடும். ஆகவே புகையோ தீயோ இல்லாத பட்சத்தில் கதவைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவரத் தயங்க வேண்டாம். ஆரஞ்சு உறை போட்ட கேபிளையும் பிளந்து கிடக்கும் பேட்டரிப் பெட்டியையும் மட்டும் தொடாதீர்கள்.

எங்களுக்குப் பயம் வேறு இடத்தில். எஞ்சின் சத்தம் இல்லையென்றால் வண்டி அணைந்துவிட்டது என்று மனசு நம்பிவிடும். ஆனால் டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருக்கும், மயங்கிக் கிடப்பவரின் கால் பெடல்மேல் இருக்கும், அந்த நிலையில் வண்டி சத்தமே இல்லாமல் நகரும். அதனால் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ போக மாட்டோம், பக்கவாட்டில்தான். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, பார்க்கில் போடுவது, பிரேக், பவர் பட்டன், பிறகு சாவியைக் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி ஒருவரிடம் கொடுத்து வைப்பது.

அப்புறம்தான் 12 வோல்ட். காண்டாக்டர்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சின்ன பேட்டரிதான், அது போனால் உயர் மின்னழுத்தம் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் வண்டியை அணைக்காமல் 12 வோல்ட்டை மட்டும் கழற்றினால் போதாது, பெரிய பேட்டரி, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் வழியாகச் சின்னச் சுற்றுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, துண்டிப்பதற்கு முன்னாலேயே கண்ணாடியை இறக்கி, சீட்டைப் பின்னால் தள்ளி, டிக்கியைத் திறந்துவிட வேண்டும். எல்லாமே மின்சாரத்தில் இயங்குவது, துண்டித்த பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பல மாடல்களில் இதற்கென்றே ஒரு மெல்லிய வயர் வளையம் இருக்கும், அதில் தொங்கும் அடையாள அட்டையில் தீயணைப்பு வீரர் தலைக்கவசமோ கத்தரிக்கோலோ படமாகப் போட்டிருக்கும். அதை ஒரு வெட்டு வெட்டினால் முனைகள் மறுபடி உரசிக்கொள்ளலாம் என்பதால் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டைக் கையில் எடுத்துவிடுவோம். எல்லாம் முடிந்த பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் நிற்கும், எத்தனை நிமிடம் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

கேபிளை வெட்டுவது பற்றி: ஆரஞ்சு கேபிள் பெரும்பாலும் தரைக்கடியில்தான் ஓடும், நாங்கள் அறுப்பது கூரையையும் தூண்களையும். கட்டர் வைக்கும் முன் உள்பக்க பிளாஸ்டிக்கைப் பிய்த்துப் பார்ப்போம், அது கேபிளுக்காக மட்டுமல்ல. ஜன்னல் பக்கம் திரை போல விரியும் ஏர்பேக்கை ஊத வைக்கும் அழுத்த வாயு சிலிண்டர் தூணிலோ கூரை ஓரத்திலோ ஒளிந்திருக்கும், அதை வெட்டினால் வெடிக்கும். இது பெட்ரோல் காரிலும் அப்படித்தான், ஆனால் அதற்கெல்லாம் யாரும் குரல் பதிவு போடுவதில்லை! பேட்டரி வண்டிக்கென்று தனியாகக் கவனிப்பது, கதவுக்குக் கீழே உள்ள ஓரச்சட்டத்தில் நசுங்கிய பாகத்தைத் தள்ளி விரிக்கும் ஹைட்ராலிக் ராம் கருவியை ஊன்றித் தள்ளாமல் இருப்பது. அதையொட்டித்தான் பேட்டரி படுத்திருக்கிறது.

கறார்காரன்:

அண்ணே விளக்கம் அருமை, ஆனால் ஷாக்கை மட்டும் சொல்லித் தீயை விட்டுவிட்டீர்களே. எரிகிற பேட்டரியை அணைக்கவே முடியாது, தண்ணீர் ஊற்றினால் லித்தியம் வெடிக்கும் என்கிறார்கள்.

ஸ்பேனர்:

எலெக்ட்ரிக் வண்டி சர்வீஸ் பார்க்கிறேன், தீப்பிடித்த பேட்டரிகளைப் பிரித்தும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். கார் பேட்டரியில் இருப்பது லித்தியம் அயனி செல், தனி லித்தியம் உலோகக் கட்டி இல்லை. சிக்கல் என்னவென்றால் ஒரு செல் சூடேறி வெடித்து அடுத்த செல்லைச் சூடாக்கும், அது அதற்கடுத்ததை. இந்தச் சங்கிலியை நிறுத்த குளிர்விப்பது ஒன்றுதான் வழி. ஆனால் பெட்டி தண்ணீர் புகாதபடி மூடியிருக்கும், மேலே அடிக்கிற தண்ணீர் வழிந்து ஓடிவிடும். டெஸ்லா தன் மாடல் 3 அவசரக் கையேட்டில் 11,000 முதல் 30,000 லிட்டர் வரை தேவைப்படலாம் என்று எழுதியிருப்பது அதனால்தான், ஒரு தீயணைப்பு வண்டி சுமக்கிற தண்ணீர் அதற்குக் காணாது. ரெனோ இதற்கு ஒரு நல்ல வழி செய்திருக்கிறது: பேட்டரிப் பெட்டியில் ஒரு துளை, அதன்மேல் ஒட்டிய வட்டத் தகடு. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் தகடு பிய்ந்து நேராக செல்களுக்குள் தண்ணீர் இறங்கும். மற்ற நிறுவனங்களும் காப்பியடித்தால் நல்லது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தீப்போர்வை போர்த்தினால் சுவாலை அடங்கும், ஆனால் உள்ளே சங்கிலி ஓடிக்கொண்டுதான் இருக்கும், எரியக்கூடிய வாயு போர்வைக்கடியில் சேரும்.

பொதுமக்கள் கவனிக்க வேண்டியது சத்தமும் புகையும். காருக்கடியிலிருந்து பட் பட் என்றோ உஸ் என்றோ சத்தம், வெள்ளையாகவோ சாம்பலாகவோ மேகம் போல ஒன்று வந்தால் செல்கள் வாயு கக்க ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கும், மூச்சுக்கு ஆகாது. உடனே முடிந்தால் ஆளை இழுங்கள், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்றுகொள்ளுங்கள், முடியாவிட்டால் விலகிவிடுங்கள்.

இதைவிட ஏமாற்றுவது தாமதத் தீ. 2011ல் அமெரிக்க அரசின் மோதல் சோதனையில் பக்கவாட்டில் கம்பத்தில் இடித்த ஒரு ஷெவர்லே வோல்ட், மூன்று வாரம் சும்மா நின்றுவிட்டுப் பிறகு எரிந்தது, பக்கத்து வண்டிகளையும் சேர்த்து. நொறுங்கிய பேட்டரியில் மின்சாரம் அப்படியே தேங்கி நிற்கும், அதை வெளியேற்ற வழியும் இருக்காது. அதனால் இழுத்துப் போகும் வண்டிக்காரரிடம் பேட்டரி அடிபட்டதைச் சொல்லியே ஆக வேண்டும், நிறுத்தும்போது சுற்றிலும் 15 மீட்டர் காலியாக விடச் சொல்வார்கள்.

வழிப்போக்கன்:

சார், நன்றி. ஹைப்ரிட் கேள்வி மட்டும் பாக்கி. வண்டி தண்ணீருக்குள் விழுந்தால் என்ன என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

ஏணிக்காரன்:

இரட்டிப்பு என்று சொல்ல மாட்டேன், வேலைதான் இரண்டு. ஹைப்ரிட் பேட்டரி சின்னது, 2004 டொயோட்டா பிரியஸில் 201.6 வோல்ட், அதுவும் நிக்கல் வகை, பின்சீட்டுக்குப் பின்னால் இருந்தது. பிளக்கில் செருகி சார்ஜ் ஏற்றும் ஹைப்ரிட்டில் அதைவிடப் பெரியது இருக்கும். எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: அமைதியாக நிற்கிற ஹைப்ரிட்டில் எஞ்சின் தன் இஷ்டத்துக்கு ஸ்டார்ட் ஆகும். கீழே பெட்ரோல் ஒழுகும்போது இது நடந்தால் யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஹைப்ரிட் என்று தெரியாத மாடல்களும் நிறைய, பின்பக்கப் பெயர்த்தகடு மோதலில் நொறுங்கியிருந்தால் முடிந்தது கதை. அதற்குத்தான் மீட்புத் தாள் என்று ஒன்று, ஐஎஸ்ஓ 17840 என்ற சர்வதேசத் தர முறைப்படி, பேட்டரி எங்கே, கேபிள் எங்கே, எதை வெட்டக்கூடாது என்று படமாக இருக்கும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2020ல் இதையெல்லாம் ஒரு செயலியில் போட்டுவிட்டது. உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், அச்சடித்து ஓட்டுநர் பக்க சூரிய மறைப்புக்குள் செருகி வையுங்கள்.

தண்ணீருக்குள் கிடக்கும் கார் சுற்றியுள்ள தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடாது, மேலே சொன்ன காரணம்தான்: பிளஸ், மைனஸ் இரண்டும் உடம்பைத் தொடாமல் தனியாக ஓடுகின்றன. உப்புத் தண்ணீர் பிறகு படுத்தும். 2012 சாண்டி புயலில் துறைமுகத்தில் நின்ற 16 ஃபிஸ்கர் கார்மா கார்கள் எரிந்தன, அவையும் ஹைப்ரிட்தான். அப்படி மூழ்கிய வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

கறார்காரன்:

கதவுப் பிடியை யாரும் பேசவில்லையே. உடம்போடு ஒட்டி உள்ளே போய்விடுகிற அந்தப் பிடி, மின்சாரம் போனால் வெளியே வராது. சீனாவில் 2027 ஜனவரி முதல் புதிய மாடல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் இயந்திர முறையில் திறக்கிற வசதி கட்டாயம் என்று விதியே போட்டுவிட்டார்கள். அதுவரை விற்றதெல்லாம்?

ஸ்பேனர்:

நியாயமான கோபம். முன்கதவுக்கு உள்ளே ஒரு கைப்பிடி எப்படியும் இருக்கும், பின்கதவுக்குத்தான் தேட வேண்டும், கதவுப் பையின் அடியில் விரிப்புக்குக் கீழே எல்லாம் வைத்திருக்கிறார்கள். வண்டி டெலிவரி எடுக்கும் அன்றே பின்சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை கையால் திறந்து பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.

வழிப்போக்கன்:

சரி, இதைக் கட்டாயம் செய்கிறேன். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் கவலை இல்லைதானே?

ஏணிக்காரன்:

கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இப்போது பக்கக் கண்ணாடியும் நிறைய வண்டிகளில் லேமினேட்டட், அதாவது நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, சத்தம் உள்ளே வரக்கூடாது என்று. எலெக்ட்ரிக் வண்டிகளிலும் இது சகஜம். 2019ல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ ஆறு கருவிகளைச் சோதித்தது, நான்கு கருவிகள் டெம்பர்ட் கண்ணாடியை, அதாவது உடைந்தால் பொடிப்பொடியாகச் சிதறும் வகையை, உடைத்தன, லேமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை. கண்ணாடியின் கீழ் மூலையில் எந்த வகை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நான்கு பக்க ஜன்னலில் ஒன்றாவது டெம்பர்ட் இருந்தால் அது எந்த ஜன்னல் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், சுத்தியலை டிக்கியில் போடாதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.