வாடகை வீட்டோடு நீச்சல் குளமும் வந்துவிட்டதா? புதிதாய் வந்த ஊர்க்காரர்களுக்கு

பொங்கல் விடுப்பில் செங்கோட்டை வந்திருக்கிறேன். மாட்டுப் பொங்கல் அன்று அதிகாலை நாலரை மணிக்கு போன் அடித்தது. பிரிஸ்பேனில் அப்போது ஒன்பது மணி. அக்கா மகன். அக்காவைப் புனலூரில் கொடுத்திருக்கிறோம், அதனால் அவன் பேச்சில் பாதி மலையாளம். "மாமா, குளம் முழுக்கப் பாயல்" என்றான். பாயல் என்றால் நம் பாசிதான். படம் அனுப்பினான். இந்த மாதம் புளியரை வயல் என்ன பச்சையில் இருக்குமோ, அந்தப் பச்சை. அதன் கரையில் எவர்சில்வர் டம்ளரும் கையுமாக அவன் நிற்கிறான்.

டிசம்பரில்தான் குடும்பத்தோடு போய் இறங்கினான். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் நீச்சல் குளம் உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தான். ஒரு இடி மழை, இரண்டு நாள் மின்சாரம் இல்லை, பம்பு நின்றுபோனது. நல்ல வெயிலில் அதுவே போதும். பதறிப்போய்க் கடைக்கு ஓடி மூன்று டப்பா மருந்து வாங்கிக் கொட்டியிருக்கிறான். எதையும் அளக்கவில்லை. அவனுக்கு நான்கு நாளாகப் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் பதினொரு வருஷமாகக் குளத்தோடு மல்லுக்கட்டுகிறவன் நான். நீங்கள் டெக்சாஸிலோ துபாயிலோ இருந்தாலும் வேதியியல் ஒன்றுதான். சட்டமும் மருந்தின் பெயரும்தான் மாறும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. குற்றாலத்தில் குளித்து வளர்ந்ததால், பார்க்கத் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நினைப்போம். அருவி ஓடுகிற தண்ணீர். கொல்லைப்புறக் குளமோ ஒரே தண்ணீரை வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி விடுகிற தொட்டி. நீங்கள் போட்டது எதுவும் தானாக வெளியே போகாது. இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்குங்கள். என்னுடையது 8 × 4 × 1.5, அதாவது 48,000 லிட்டர். மருமகனுடையது சின்னது, சுமார் 23,000. இந்த எண் தெரியாமல் எந்த டப்பாவையும் திறக்காதீர்கள்.

அடுத்தது அளவுப் பெட்டி. தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் பட்டைக் காகிதம் மலிவு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் அதை நம்பி மருந்து போட முடியாது. சொட்டு மருந்துப் பெட்டி வாங்குங்கள். அதிலும் பொடி போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாகி, சொட்டுச் சொட்டாக விட விட நிறம் போகிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். நிறத்தை அட்டையோடு வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டாம், சொட்டை எண்ணினால் போதும். தண்ணீரை மேலாக மொள்ளக் கூடாது. கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை முங்கும் ஆழத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பி நிரப்புங்கள். பம்புத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் எடுக்காதீர்கள். டம்ளர் வேண்டாம் என்று மருமகனிடம் அன்றைக்கே சொன்னேன்.

நிறம் பார்க்கிற பெட்டியில் ஒரு ஏமாற்று உண்டு. குளோரின் பத்து பிபிஎம்முக்கு மேல் ஏறினால் அந்தச் சிவப்பையே வெளுத்துவிடும் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, தண்ணீரில் கலந்தவற்றின் எண்கள் எல்லாம் இந்தக் கணக்குதான்). குழாயில் நிறமே இல்லை, ஆகக் குளோரினே இல்லை என்று நினைத்து இன்னும் கொட்டுவோம். மருமகன் இரண்டாம் நாள் செய்தது இதுதான். மருந்து விழுந்த நொடியில் ஒரு மின்னல்போலச் சிவந்து மறைந்தால், குளோரின் இல்லை என்று அர்த்தமில்லை, எக்கச்சக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்) சோதனையும் அந்த நேரத்தில் பொய் சொல்லும், இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும்.

சரி, என்னென்ன அளக்க வேண்டும்? தினமும் பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று குளோரின், இன்னொன்று பிஎச். பிஎச் 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். குளோரினில் கிருமியைக் கொல்கிற வடிவம் எவ்வளவு என்பது இதைப் பொறுத்தது. ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் போய்விடாமல் காக்கும் பொருள், அதன் கதை பின்னால்) கலக்காத தண்ணீரில் பிஎச் 7.2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும் வடிவில் இருக்கும். 8 ஆனால் சுமார் கால்வாசிதான். கண்ணெரிச்சலுக்கும் பாதி நேரம் பிஎச்தான் காரணம், பழியை மட்டும் குளோரின் ஏற்றுக்கொள்ளும். அதேபோல 'குளோரின் வாடை' என்று நாம் சொல்வது உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோராமின் வாடை. வாடை அடித்தால் அநேகமாகக் குளோரின் பற்றவில்லை. மொத்தக் குளோரினிலிருந்து தனிக் குளோரினை, அதாவது எதோடும் சேராமல் இருப்பதை, கழித்துப் பாருங்கள். 0.5க்கு மேல் மிச்சம் வந்தால் தண்ணீரில் வேலை பாக்கி இருக்கிறது.

இப்போது என் கதை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் தாத்தா கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவார். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்குவார். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளாவில் வீடு வீடாகக் கிணறுகளுக்குக் குளோரின் போட்டது புனலூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அதே பழக்கத்தில் நானும் ஆஸ்திரேலியாவில் குளோரின் என்றால் குளோரின்தானே என்று நினைத்து, கடையில் கொடுத்த 200 கிராம் மாத்திரைகளை வாரத்துக்கு இரண்டு வீதம் மிதவையில் போட்டு வந்தேன். சுகமான வேலை. வருஷம் ஒன்று ஓடியது. ஒரு கோடையில் குளம் பச்சையானது. அளந்தால் குளோரின் 3, பிஎச் 7.4. எல்லாம் சரி, ஆனால் பாசி! கடையில் இலவசமாக அளந்து கொடுப்பார்கள். அங்கே போனேன், பாசிக்கொல்லி தந்தார்கள். மறுவாரம் பாஸ்பேட் நீக்கி. அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று. முந்நூறு டாலர் போனது, பச்சை போகவில்லை.

கிணற்றுப் பொடியும் இந்த மாத்திரையும் வேறு வேறு என்பது அப்புறம்தான் புரிந்தது. மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் உண்டு. ஸ்டெபிலைசர் என்பது அதுதான். அது கெட்டதில்லை. அது இல்லாவிட்டால் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் சிதைந்து போய்விடும். தண்ணீரில் ஸ்டெபிலைசர் 30 முதல் 50 வரை வேண்டும், உப்புக் குளத்துக்கு (அதைப் பின்னால் சொல்கிறேன்) இன்னும் கொஞ்சம் கூட. ஆனால் வெயிலுக்குப் பிடித்து வைக்கிற கை கிருமிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும். அது ஏற ஏற அதே 3 குளோரினுக்கு வலு குறைந்துகொண்டே போகும். ஸ்டெபிலைசர் அளவில் பதினான்கில் ஒரு பங்காவது குளோரின் இருந்தால்தான் பாசி அண்டாது என்பது என் கணக்கு.

200 கிராம் மாத்திரை ஒன்று என் குளத்தில் சுமார் 2.3 ஸ்டெபிலைசர் ஏற்றும். வாரம் இரண்டு, ஆறு மாதம் என்று பெருக்கிப் பாருங்கள், நூறைத் தாண்டிவிடும். குளோரின் செலவாகும், இது செலவாகாது. மழையில் வழிந்தோ ஃபில்டர் கழுவும்போதோ போவதுதான் போவது. எனக்கு 150க்கு மேல் இருந்தது. அதாவது 11 குளோரின் வேண்டிய இடத்தில் 3 வைத்துக்கொண்டு, பெட்டி நன்றாக இருக்கிறது என்கிறதே என்று திகைத்திருந்தேன். கடைக்காரர் தந்த தாளில் அந்த எண்ணும் அச்சாகித்தான் இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் படிக்கவில்லை.

இதற்கு நம்பி வாங்கக்கூடிய மருந்து கிடையாது. தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் நிச்சயமான வழி. ஒரேயடியாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருந்தால் காலிக் குளம் படகுபோல் எழும்பிவிடும், பைபர் குளம் என்றால் ரொம்பவே ஆபத்து. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்க வேண்டாம். அந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலிலும் விடக் கூடாது, அது ஓடைக்குப் போகும். உங்கள் ஊர் நகராட்சி எங்கே விடச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து எனக்குத் திரவக் குளோரின்தான். 12.5 சதவீதம் உள்ளது என்றால் 10,000 லிட்டருக்கு 80 மில்லி ஊற்றினால் ஒரு பிபிஎம் ஏறும். சாயங்காலம் பம்பு ஓடும்போது ஊற்றுங்கள். வெயிலில் வைத்த கேனில் வலு போய்விடும், அதனால் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். ஊருக்குப் போகிற இரண்டு வாரத்துக்கு மட்டும் மாத்திரை போடுவேன்.

பிஎச்சை இறக்க ஆசிட். காரத்தன்மை 80 முதல் 120 வரை இருக்க வேண்டும், குறைந்தால் பிஎச் நிலையில்லாமல் ஆடும். அதை ஏற்றக் கடையில் அழகான டப்பாவில் ஒரு பொடி விற்பார்கள். பின்னால் திருப்பிப் படியுங்கள், சோடியம் பைகார்பனேட். அதாவது நம் ஆப்பசோடா. 10,000 லிட்டருக்கு 170 கிராம் போட்டால் பத்து ஏறும், பலசரக்குக் கடையில் விலையும் குறைவு. சுண்ணாம்புச் சத்து காங்கிரீட் குளத்துக்குத்தான் முக்கியம், 200 முதல் 400 வரை. மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஊரில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை மூலையில் சேர்த்தே வைத்திருப்போம். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வாருங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மாத்திரையும் பொடிக் குளோரினும் ஒரே வாளியில் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு தடவைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். நான்கு மணி நேரம் கழித்து அளந்து பார்த்துவிட்டு அடுத்தது.

கோயம்பேட்டில் இறங்குகிற மாதிரி வந்திறங்கிய இன்னொரு தம்பி, "எங்களுடையது உப்புக் குளம் அண்ணாச்சி, குளோரின் கிடையாது" என்றான். உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் எடுக்கிற பெட்டிதான் அது. குளோரின் அதே குளோரின். அளக்கிற வேலை அப்படியேதான் இருக்கும். பிஎச் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், ஆசிட் கூடத் தேவைப்படும்.

எண்ணெய்க் குளியல் பற்றி ஒரு தங்கை கேட்டார்கள். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வையுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. சீயக்காய் தேய்த்து நன்றாக அலசிவிட்டு அப்புறம் குளத்தில் இறங்குங்கள். எண்ணெய் குளோரினைத் தின்றுவிடும், ஓரத்து ஓடுகளில் பழுப்பாக ஒரு கோடும் போட்டுவைக்கும். எங்கள் வீட்டுக் கோடு தேங்காய் எண்ணெய், அம்மா வந்திருந்த மூன்று மாதத்தின் ஞாபகார்த்தம்.

வாடகைக்காரர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். மருந்துச் செலவு யாருடையது, பம்பு கெட்டால் யார் பார்ப்பது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். குடியேறுகிற அன்றே தண்ணீரைப் படம் எடுத்து வையுங்கள். குவீன்ஸ்லாந்தில் வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கதவு தானாக மூடித் தானாகத் தாழிட வேண்டும். காற்று வரவில்லை என்று கதவுக்குக் கல் முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை மட்டும் செய்யாதீர்கள்.

மருமகன் குளத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கொட்டிய குளோரின் இறங்கும்வரை ஒரு நாள் சும்மா இருக்கச் சொன்னேன். அப்புறம் அளந்தான். ஸ்டெபிலைசர் 40 என்று வந்தது, பிழைத்தோம். பிஎச்சை முதலில் 7.2க்கு இறக்கி, சுவரெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்து, மூன்று லிட்டர் திரவக் குளோரின் ஊற்றிப் பதினாறுக்கு ஏற்றினான். பம்பு இரவும் பகலும் ஓடியது. குறையக் குறைய ஊற்றி, பதினாறிலேயே பிடித்து வைத்தான். ஃபில்டரில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் கழுவினான். படிகாரம் போட்டால் கலங்கல் தணியுமே, ஆச்சி தேத்தாங்கொட்டை உரசிப் போடுவார்களே என்றான். தணியும். ஆனால் அடியில் படிந்ததை ஃபில்டருக்கு விடாமல் உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும், புதிதாக வந்தவனுக்கு அது இரட்டை வேலை. வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் பச்சை போய்ப் பால்வெள்ளையானது. அது நல்ல அறிகுறி, பாசி செத்துவிட்டது. இருட்டியதும் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை அளந்து, ராத்திரியில் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையாத வரை நிறுத்தாதே என்று சொல்லியிருந்தேன்.

இன்று அதிகாலையும் நாலரைக்கே போன். நேற்று ராத்திரி அரைப் புள்ளிதான் குறைந்ததாம். படமும் வந்தது. நீலத் தண்ணீர், அடியில் உள்ள ஓடு ஒவ்வொன்றும் தெரிகிறது. ஆழமான மூலையில் பளபளவென்று ஏதோ கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், எவர்சில்வர் டம்ளர்.