குத்துச்சண்டை வீரர்களில் மேவெதரை மதிக்கிறேன், ஆனால் ஹேக்லரைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏன்?

மேவெதர் 50 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. தோளைத் தூக்கி, தலையைக் கொஞ்சமே நகர்த்தி, வந்த குத்தைக் காற்றில் போகவிடும் அந்தத் திறமை லேசில் யாருக்கும் வராது. ஆனாலும் 1985ல் ஹேக்லரும் ஹேர்ன்ஸும் மோதிய அந்த மூன்றே சுற்றுகள்தான் என்னை இழுக்கின்றன. உங்களுக்கும் அப்படியா?

பதில் 1:
ஆபத்துதான் காரணம். முதல் சுற்றிலேயே ஹேர்ன்ஸின் வலது கை உடைந்தது, ஹேக்லரின் நெற்றி கிழிந்தது, மூன்றாம் சுற்றில் மருத்துவர் காயத்தைப் பார்த்ததும், எங்கே சண்டையை நிறுத்திவிடுவார்களோ என்பதுபோல ஹேக்லர் இன்னும் வேகமாகப் பாய்ந்தார். கண்ணை எடுக்கவே முடியாது.

பதில் 2:
சரி, ஆனால் வெறும் மோதல் மட்டும் இல்லை. 1974ல் கின்ஷாசாவில் முகமது அலி கயிற்றில் சாய்ந்து அடிகளை வாங்கிக்கொண்டே ஃபோர்மனைக் களைக்க வைத்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். ஒரு மனிதர் அடிபட்டுக்கொண்டே யோசிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு ஈடாக எனக்கு எதுவும் இல்லை.

பதில் 3:
மேவெதரின் சண்டை வீடியோவை வேகம் குறைத்து ஓடவிட்டு, அவர் முன்காலை மட்டும் கவனியுங்கள். எனக்கு அப்புறம்தான் அவரைப் பிடித்தது.